சித்திரையில் போய்ப் பாருங்கள்: கொங்கு நாட்டில் குடியேறும் முன் ஓர் ஊரை அளந்து பார்க்கும் வழி

காடு (இங்கே விவசாய நிலத்துக்குத்தான் அந்தப் பெயர்) விற்கிறவர்கள் உங்களை மார்கழியிலோ தையிலோதான் கூட்டிப் போவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து கொழுக்கட்டைப்புல் இடுப்பளவு நிற்கும். கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும். குட்டையில் கொக்கு மேயும். பார்த்ததும் மனசு குளிர்ந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். அதே காட்டைச் சித்திரையில் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால்தான் அது என்ன ஊர் என்பது தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன் தாராபுரம் பக்கம் மூன்றரை ஏக்கர் வாங்கிய அனுபவத்திலும், அதற்குப் பிறகு நண்பர்களோடு இருபது முப்பது இடம் சுற்றிப் பார்த்த அனுபவத்திலும் இதை எழுதுகிறேன். தன் சாப்பாட்டையும் தண்ணீரையும் முடிந்த மட்டும் தானே பார்த்துக்கொண்டு வாழ நினைப்பவர்களுக்கு இது உதவும். நிலத்தை அதன் நல்ல மாதத்தை வைத்து மதிப்பிடக் கூடாது, மோசமான மாதத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அதைச் செய்யும் வழிகள்.

முதல் படி: எந்தக் கொங்கு என்று முடிவு செய்யுங்கள்

கொங்கு நாடு முழுக்க ஒரே மாதிரி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறைப்பதால் சமவெளியின் பெரும்பகுதி மழை மறைவுப் பிரதேசம். வருஷத்துக்கு ஏறக்குறைய 600 முதல் 750 மில்லிமீட்டர், அதில் பாதியை ஒட்டி வடகிழக்குப் பருவமழையில்தான். ஆனால் மலை மேலே வால்பாறையில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். நூறு கிலோமீட்டருக்குள் இவ்வளவு வித்தியாசம்.

கணக்குக்கு நான் நான்காகப் பிரித்துக்கொள்வேன். கோபி, பவானி, ஈரோடு பக்கத்து வாய்க்கால் பாசனம் ஒன்று. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்று. காரமடை, தொண்டாமுத்தூர், சத்தி, அந்தியூர் மாதிரி மலையடிவாரம் ஒன்று. காங்கேயம், தாராபுரம், வெள்ளக்கோயில், கரூர்ப் பக்கத்து மேட்டாங்காடு, அதாவது மழையை நம்பிய மேட்டு நிலம், ஒன்று. வாய்க்காலில் நெல் வரும், நில விலையும் வரும். மேட்டாங்காட்டில் விலை குறைவு, ஆனால் தண்ணீருக்குத் தவம். அடிவாரத்தில் காற்றும் மண்ணும் அருமை, ராத்திரி யானை. எதைத் தாங்குவீர்கள் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாம் படி: கிணற்றோடு ஒரு ராத்திரி

இந்த மண்ணில் முதல் ஆபத்து வறட்சி. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைக் கிராமத்தில் இன்னும் சொல்வார்கள். அவ்வளவு பின்னே போக வேண்டாம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது பல தோப்புகளில் தென்னை தலை சாய்ந்ததை இப்போது இருப்பவர்களே பார்த்திருக்கிறார்கள். ஊருக்குள் போனதும் கேட்க வேண்டிய கேள்வி, "2017 சித்திரையில் இந்தக் கிணத்துல தண்ணி இருந்துச்சுங்களா?" என்பதுதான். பதில் சொல்லும் முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

அடியில் கடினப் பாறை. தண்ணீர் மேல்மட்டத்துச் சிதைந்த பாறையிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் நிற்கும். அதனால்தான் ஒரு காட்டில் 200 அடியில் தண்ணீர் பீறிடும், வேலிக்கு அந்தப் பக்கம் 1,000 அடி போட்டாலும் வெறும் புகைதான். பக்கத்துத் தோட்டத்து போரை (ஆழ்துளைக் கிணற்றை) வைத்து உங்கள் போரைக் கணக்குப் போடாதீர்கள். நீரோட்டம் பார்க்கிறவர் கையில் தேங்காய் சுழன்றது, குச்சி வளைந்தது என்பதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் ஒருமுறை நம்பி 650 அடிக்குக் காசு கட்டினேன்.

திறந்த கிணற்றை மட்டும் நீங்களே அளக்கலாம். சித்திரையில், சாயங்காலம் ஆறு மணிக்கு, மோட்டார் காற்று இழுக்கும் வரை ஓட்டி நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு நேராகப் பாறையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. காலை ஆறு மணிக்குப் போய் எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது என்று அளங்கள். 25 அடிக்கு 25 அடி கிணறு என்றால் ஓர் அடி தண்ணீர் என்பது 625 கன அடி, அதாவது சுமார் 17,700 லிட்டர். ராத்திரியில் அரை அடி ஊறினால் கிட்டத்தட்ட 8,800 லிட்டர்.

அது போதுமா? ஐந்து பேர் வீட்டுக்கு 500 லிட்டர். இரண்டு மாட்டுக்கு 100 முதல் 120. பத்து சென்ட் காய்கறிக்குக் கோடையில் 2,000. கால் ஏக்கர் பசுந்தீவனத்துக்கு 5,000. வீட்டைச் சுற்றி இருபது தென்னைக்குச் சொட்டுநீரில் 1,600. கூட்டினால் 9,200 லிட்டரை ஒட்டி வரும். ஆக, சித்திரையில் ஒரு ராத்திரிக்கு அரை அடி ஊறும் கிணறு, பகலில் ஊறுவதையும் சேர்த்தால், ஒரு குடும்பத்தைத் தாங்கும். அது மட்டும்தான் தாங்கும், இரண்டு ஏக்கர் மஞ்சளைத் தாங்காது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எங்கள் ஊரில் தென்னை வைத்தே தீருவேன் என்றிருந்த ஒருவர் முருங்கைக்கு மாறினார்.

கிணற்றுச் சுவரையும் பாருங்கள். பாறையில் வெள்ளையாகவும் பழுப்பாகவும் வளையம் வளையமாகக் கறை இருக்கும். எந்த வளையம் தடிப்போ, அந்த மட்டத்தில்தான் தண்ணீர் அதிக நாள் நின்றிருக்கிறது. விற்பவர் பொய் சொல்லலாம், சுவர் சொல்லாது.

வாய்க்கால் பாசனம் என்று சொன்னால் எந்த வாய்க்கால், எந்தச் சுற்று என்று கேளுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் நிலமும், 1955-ல் கட்டி முடித்த பவானிசாகரை நம்பிய கீழ்பவானி நிலமும் ஒன்றல்ல. கீழ்பவானியில் 2.07 லட்சம் ஏக்கரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறு பாதிக்குப் புஞ்சைப் பயிருக்கும் தண்ணீர் விடுவார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலம், ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் முறை வரும். "பி.ஏ.பி. தண்ணி பாயுதுங்க" என்பது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகள் சேர்ந்திருக்கின்றன. உங்கள் ஊர்க் குட்டை அதில் உண்டா, குழாய் வந்தும் தண்ணீர் வந்ததா என்று குட்டைக் கரையிலேயே நின்று கேளுங்கள்.

மூன்றாம் படி: தண்ணீரின் ருசி

அளவு போதும் என்றால் அடுத்தது தரம். சோப்புப் போட்டால் நுரை வருகிறதா, பருப்பு வேகிறதா என்று அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்டால் பாதி தெரிந்துவிடும். மீதிக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்ல தண்ணீர். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்பார்கள். நைட்ரேட் 45-க்குள், ஃபுளோரைடு 1-க்குள் (அதிகபட்சம் 1.5) இருக்க வேண்டும். ரிப்போர்ட் வரும் முன்பே ஃபுளோரைடைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நின்று, சிரிக்கிற பிள்ளைகளின் முன்பல்லைப் பாருங்கள். பழுப்புக் கோடு நாலைந்து பேருக்கு இருந்தால் அந்த ஊர் போர்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

நொய்யலை ஒட்டி, திருப்பூருக்குக் கீழே நிலம் பார்க்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். கழிவை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆறு கொஞ்சம் தெளிந்தாலும் நிலத்தடியில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. கரையிலிருந்து எத்தனை தோட்டம் தள்ளி என்று கணக்குப் பார்க்காமல் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே சோதித்துவிடுங்கள்.

நான்காம் படி: பள்ளம் எது வரைக்கும் வரும்?

வறண்ட நாட்டில் வெள்ளமா என்று சிரிக்காதீர்கள். நம் ஊரில் ஓடைக்குப் பெயரே பள்ளம். பத்து வருஷம் காய்ந்து கிடக்கும், ஒரு ராத்திரியில் ஆள் உயரம் ஓடும். அடிவாரத்தில் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே மலையில் பெய்த மழை பள்ளத்தில் வந்துவிடும்.

முதலில் நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம், சர்வே எண் வாரியாக நில விவரம் இருக்கும் அ-பதிவேடு இரண்டையும் வாங்கி, பள்ளம் எங்கே, எவ்வளவு அகலம் என்று பாருங்கள். அப்புறம் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுங்கள். காகிதத்தில் அறுபது அடி இருக்கும் பள்ளம் தரையில் பதினைந்து அடியாகச் சுருங்கியிருந்தால், மீதி நாற்பத்தைந்து அடியில் வீடு கட்டியவர்களுக்குத்தான் தண்ணீர் முதலில் வரும். பிறகு அங்கே ஆடு மேய்க்கிறவர்களைத் தேடுங்கள். பெருந்துறைக்குத் தெற்கே ஓரிடத்தில் ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன்:

"ஏனுங்க அம்மா, இந்தப் பள்ளத்துல தண்ணி எது வரைக்கும் வரும்?"

"அந்த வெள்வேல மரத்துல கந்தல் துணி தொங்குது பாரு கண்ணு. அது யாரும் கட்டுனதில்ல. தண்ணி மாட்டிட்டுப் போனது."

துணி என் தலைக்கு மேலே இருந்தது. வீடு கட்டுவதற்குத் தரகர் காட்டிய இடம் அதற்கும் கீழே.

காவிரி, பவானிக் கரை என்றால் பவானி, குமாரபாளையம், கொடுமுடித் தாழ்வான தெருக்களில் 2018 ஆகஸ்டில் தண்ணீர் எங்கே நின்றது என்று கேட்டு அந்த மட்டத்துக்கு மேல் தேடுங்கள். மேட்டூர் நிரம்பி உபரி திறக்கும் வருஷம் எப்போது வேண்டுமானாலும் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் 17 பேர் இறந்தது ஆற்று வெள்ளத்தில் இல்லை. நான்கு நாள் மழையில் ஊறிய மதில்சுவர் ஓட்டு வீடுகள் மேல் சாய்ந்தது. வாங்கப் போகும் இடத்துக்கு மேட்டுப்புறம் யாராவது தூண் இல்லாமல், தண்ணீர் வடிய ஓட்டை இல்லாமல் உயரச் சுவர் எழுப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: காற்று, இடி, நடுக்கம், யானை

பாலக்காட்டுக் கணவாய் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத் திட்டிவாசல். வைகாசியிலிருந்து ஆவணி வரை அதன் வழியே வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை விடாது. காற்றாலை நிற்கும் ஊரில் நிலம் பார்க்கிறீர்கள் என்றால் உங்கள் கூரைக்கும் அதே காற்றுதான். நான் மாட்டுக் கட்டுத்தரைக்கு மேற்கே திறந்த மாதிரி தகரக் கொட்டகை போட்டேன். முதல் ஆடியிலேயே ஆறு தகரம் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) தாண்டிப் போய் விழுந்தது. மாடு ஒன்றுக்கும் அடி படாதது கன்னிமார் புண்ணியம். இப்போது மேற்கே வேம்பும் கிளுவையும் இரண்டு வரிசை. மரங்களின் தலை எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே காற்றின் பலம் தெரியும். சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறை வேறு வகை. கோபி, சத்திப் பக்கம் குலை தள்ளிய வாழை ஒரே மாலையில் படுத்துவிடும். சாப்பாட்டுக்கு வாழையை மட்டும் நம்பாதீர்கள்.

இடிக்கு: வெட்டவெளி மேட்டாங்காட்டில் ஒற்றைப் பனை அடியில் ஒதுங்கக் கூடாது. மின்னல் எச்சரிக்கை தரும் 'தாமினி' செயலி போனில் இருக்கட்டும்.

நிலநடுக்கம் நம் ஊரில் கிடையாது என்பது தப்பு. 1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோயமுத்தூரை மையமாக வைத்து 6 ரிக்டர் அளவை ஒட்டி ஒன்று வந்திருக்கிறது. 2002 முதல் நடப்பிலிருந்த நிலநடுக்க வரைபடத்தில் கோவைப் பகுதி மூன்றாம் மண்டலம். இதற்காக ஊரை ஒதுக்க வேண்டியதில்லை. சாளை (தோட்டத்து வீடு) கட்டும்போது அடித்தளத்திலும் ஜன்னல் மேலும் கான்கிரீட் பெல்ட் சுற்றிவரப் போட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

வெயிலையும் ஆபத்தில் சேர்க்கலாம். கரூர் பரமத்தி கோடையில் அடிக்கடி 40 டிகிரியைத் தாண்டும். வயசானவர்களோடு போகிறவர்கள் ஓட்டு வீடா, கான்கிரீட் மெத்தை வீடா என்பதை முதலிலேயே யோசிக்கட்டும்.

அடிவாரத்தில் யானை. ஆனைகட்டி, தடாகம், மேட்டுப்பாளையம், சத்தி, தாளவாடி எல்லாமே அதன் வழித்தடத்தை ஒட்டியவை. "யானை வருமா" என்று கேட்டால் எப்பவாச்சும் என்பார்கள். கேள்வியை மாற்றுங்கள்: "கடைசியா எப்ப சோளக்காட்டுல காவல் படுத்தீங்க?" போன வாரம் என்று பதில் வந்தால் அங்கே வாழை, கரும்பு, மக்காச்சோளம், பலா நான்கும் கணக்கில் இல்லை. சமவெளியில் அதற்குப் பதிலாக மயிலும் காட்டுப்பன்றியும். தக்காளி, நிலக்கடலை இரண்டையும் மயில் உங்களுக்கு முன்பே அறுவடை செய்யும்.

ஆறாம் படி: மண்ணும் வயிறும்

மூன்று இடத்தில் மூன்றடிக் குழி தோண்டுங்கள். ஒன்றரை அடியிலேயே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் வந்தால் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். புஸ் என்று நுரைத்தால் சுண்ணாம்பு அதிகம். தென்னைக்கும் எலுமிச்சைக்கும் அந்த இடம் கஷ்டம், வேம்பும் கொள்ளும் வளரும். மேல் மண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் மணல், வண்டல், களி என்று தனித்தனியாகப் படியும். சத்துக் கணக்குக்கு மாவட்ட மண் ஆய்வுக் கூடமோ வேளாண்மை அறிவியல் நிலையமோ போதும்.

அந்த ஊரில் அறுபது வருஷத்துக்கு முன் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பது எனக்கு மண் ஆய்வைவிடப் பெரிசு. தாராபுரம், காங்கேயம் பக்கம் கம்பு, சோளம், ராகி, கொள்ளு, தட்டைப்பயறு என்பார்கள். அரிசி விருந்துக்கு மட்டும். ஆள் ஒருவருக்கு மாதம் பத்துக் கிலோ தானியம் என்றால் ஐந்து பேருக்கு வருஷம் 600 கிலோ. மானாவாரிக் கம்பு ஏக்கருக்கு நல்ல வருஷத்தில் 400 முதல் 600 கிலோ, மோசமான வருஷத்தில் தட்டு (காய்ந்த தண்டு) மட்டும். எனவே இரண்டு ஏக்கரில் விதைத்து, ஒரு வருஷத் தானியம் எப்போதும் குதிரில் இருக்கிற மாதிரி வைத்தால்தான் தாங்கும்.

மேட்டாங்காட்டுக்கு நம் முன்னோர்கள் கண்ட விடை கொறங்காடு. கிளுவை வேலி, உள்ளே வெள்வேல், தரையில் கொழுக்கட்டைப்புல். அதில் காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும். மழை பொய்த்தாலும் வெள்வேலக் காய் விழும், ஆடு பிழைக்கும். இரண்டு ஏக்கர் தானியத்தோடு ஓர் ஏக்கர் கொறங்காடு இருக்கும் பழைய நிலம் கிடைத்தால் கிணறு சுமாராக இருந்தாலும் யோசிக்கலாம். அந்த வேலியை ஜேசிபி வைத்துப் பிடுங்கிக் கம்பி போட்ட இடத்துக்கு அதே விலை கொடுக்க மாட்டேன்.

கூரைத் தண்ணீரையும் மறக்க வேண்டாம். 1,000 சதுர அடிக் கூரையில் 600 மில்லிமீட்டர் மழை என்றால் சேதாரம் போக 44,000 லிட்டர். நல்ல தண்ணீர் இல்லாத ஊரில் குடிக்கவும் சமைக்கவும் வருஷம் முழுக்க இதுவே போதும். தொட்டி கட்டும் செலவுதான் பெரிசு.

ஏழாம் படி: தடம், பங்கு, அக்கம்பக்கம்

அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். காட்டுக்குத் தடம் (போகும் வழி) பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, பழக்கத்தில் மட்டும் போகிறார்களா? பங்காளிகள் சண்டையில் முதலில் மூடுவது தடத்தைத்தான். கிணறு பொதுவா? எத்தனை பங்கு, வாரத்தில் எந்த நாள் உங்கள் முறை, மின் இணைப்பு யார் பெயரில், இறந்த தாத்தா பெயரிலா? பத்து வருஷ அடங்கலை (கிராமப் பயிர்க் கணக்கை) வாங்கி என்ன பயிர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "தரிசு" என்று ஐந்து வருஷம் இருந்தால் காரணம் கேளுங்கள். சுற்றுவட்டாரத்தில் கல்குவாரி இருந்தால் வெடி வைக்கும் நேரத்தில் கிணற்றடியில் நின்று பாருங்கள்.

பால் சங்கம் எவ்வளவு தூரம், மாட்டு டாக்டர் ராத்திரி வருவாரா, பாம்புக்கடி மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம் என்பதைப் பைக்கில் ஓட்டிப் பார்த்தே எழுதிக்கொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077 போனில் இருக்கட்டும். உப்பும் எண்ணெயும் துணியும் சந்தையிலிருந்துதான் வரும். ஆகவே சந்தை நாளன்று விற்க என்ன இருக்கும் என்பதும் கணக்கில் வரவேண்டும். முட்டையோ, நெய்யோ, முருங்கையோ.

எட்டாம் படி: நான்கு தடவை போங்கள்

ஒரு நோட்டு போட்டு சித்திரை, ஆடி, ஐப்பசி, தை என நான்கு மாதமும் ஒரே இடத்துக்குப் போங்கள். சித்திரையில் கிணறு, ஆடியில் காற்று, ஐப்பசியில் பள்ளம், தையில் வெள்ளாமை. விற்பவர் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார் என்றால் சித்திரையையும் ஐப்பசியையும் மட்டுமாவது விடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆளிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்.

அதில் ஒரு தடவையாவது ஊரிலேயே ராத்திரி படுங்கள். மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வருகிறது என்று அப்போது தெரியும். இரண்டு மணிக்கு வரும் ஊரில், இரண்டு மணிக்கு எத்தனை டார்ச் விளக்கு கிணற்றடிக்கு நடந்து போகிறது என்று திண்ணையில் படுத்தபடியே எண்ணலாம். நான் எண்ணிய ராத்திரி பதினொன்று. எங்கள் பக்கத்துத் தோட்டத்து மாமா போகிற வழியில் நின்று, "தூங்கலீங்களா தம்பி? வாங்க, மடை திருப்ப ஒரு கை ஆகும்" என்றார்.